வளருற பிள்ளைக்கு நீச்சல் உடை

வேலூர் நேயர்களுக்கு வணக்கம்.

கத்திரி வெயில் வந்துவிட்டால் நம் பிள்ளைகளைத் தண்ணீரை விட்டு வெளியே இழுக்க முடியாது. டவுன் பிள்ளைகள் நீச்சல் குளத்துக்கு ஓடுகிறார்கள். அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் கிணற்றில் குதிக்கிறார்கள். பிள்ளைகளுக்குத் துணி தைக்கிறவள் என்ற முறையில் இன்று அவர்கள் உடுப்பைப் பற்றித்தான் பேச வந்தேன்.

"வளருற பிள்ளை, ஒரு சைஸ் பெருசா எடுங்க" என்று கடையில் சொல்வார்கள். கவுனுக்கும் பள்ளிச் சீருடைக்கும் அது நல்ல யோசனை. ஓரத்தில் துணி விட்டுத் தைத்திருந்தால் அடுத்த வருஷம் பிரித்து விட்டுக்கொள்ளலாம். வீட்டில் போட காட்டன் பனியன், டவுசர் போதும். திருப்பூர் எக்ஸ்போர்ட் சரக்கு என்று விற்பதைத் தாராளமாக எடுங்கள். அதில் 110, 116 என்று எண் இருந்தால் பயப்பட வேண்டாம். அது பிள்ளையின் உயரம், சென்டிமீட்டரில். வீட்டிலேயே சுவரோரம் நிற்கவைத்து அளந்துகொண்டு போங்கள். விசேஷத்துக்கு வேண்டியதை ஆடித் தள்ளுபடி வரை தள்ளிப்போடலாம்.

ஆனால் நீச்சல் உடையைப் பெரிதாக எடுக்கவே எடுக்காதீர்கள். தொளதொள உடைக்குள் தண்ணீர் புகுந்து பிள்ளையைப் பின்னால் இழுக்கும். தோள்பட்டை நழுவினால் பிள்ளை நீந்துவதை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். காட்டன் பனியனும் சரிப்படாது. தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். பெண் பிள்ளைகளைச் சுடிதாரோடு இறக்குகிற அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை: முழுக்கையோடு முழங்கால் வரை மூடுகிற நைலான் நீச்சல் உடை இப்போது கிடைக்கிறது. கூச்சமும் இல்லை, வெயிலும் சுடாது, காலையும் சுற்றாது. கழுத்தில் நாடா தொங்குகிற மாதிரி எதுவும் வேண்டாம்.

விலையைப் பார்ப்பதற்கு முன் நிறத்தைப் பாருங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். நீல டைல்ஸ் போட்ட குளத்தில் நீல உடை போட்ட பிள்ளை தண்ணீருக்கடியில் போனால் கண்ணுக்கே தெரியாது. வெள்ளை, சாம்பல் நிறமும் அப்படித்தான். கிணற்றுத் தண்ணீரில் கருநீலமும் கறுப்பும் மறைந்துவிடும். பளிச்சென்ற ஆரஞ்சு இரண்டு இடத்திலும் தெரியும். மீன் படம், பொம்மைப் படம் போட்டதற்கு விலை கூட. படமே இல்லாத ஆரஞ்சு உடை மலிவாகவே கிடைக்கும். என்ன நிறம் போட்டாலும் பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும்.

கடையில் உடையை இரண்டு கையாலும் அகலமாக இழுத்து விடுங்கள். சட்டென்று பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். இழுக்கும்போது தையல் நூல் தெறித்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

வாங்கியதை உழைக்க வைப்பதும் நம் கையில்தான். நீச்சல் உடை இழுத்தால் நீண்டு சுருங்குவது துணிக்குள் இருக்கிற ரப்பர் மாதிரி இழையால்தான்; குளத்துக் குளோரின் அந்த இழையை அரித்துவிடும். வீடு வரும் வரை பாலித்தீன் பையில் சுருட்டி வைக்காமல், அங்கேயே நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள். நிழலில் உலர்த்துங்கள்; நம் ஊர் மே மாத வெயிலில் காயப்போட்டால் சீக்கிரம் இற்றுப்போகும். அக்கா போட்டதைத் தங்கைக்குக் கொடுக்கும்போதும் இழுத்துப் பாருங்கள். துணிக்குள்ளிருந்து வெள்ளை முடி மாதிரி இழை நீட்டிக்கொண்டிருந்தால் ரப்பர் அறுந்துவிட்டது, அதைத் தண்ணீருக்குப் போட்டு அனுப்பாதீர்கள்.

நன்றி, வணக்கம்.