740 டாலர் கேட்டாங்க, 32 டாலர்ல முடிஞ்சுது! கோல்ஃப் கார்ட் சஸ்பென்ஷன் வேலை

வணக்கம் மக்களே! இன்னைக்கு எனக்கு ஒரே சந்தோஷம், கூடவே செம கோவம். முதல்ல என் கோல்ஃப் கார்ட்டை அமுக்கறேன், கேளுங்க... ஒண்ணும் கேக்கலைல்ல? போன வீடியோல பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊத்தினப்போ கீச்சு கீச்சுன்னு கத்திட்டே இருந்துச்சே, எலி வளர்க்கிறீங்களான்னு கமென்ட்லகூட கேட்டீங்களே, அது போயே போச்சு!

கோவம் எதுக்குன்னா, இதை ஒரு கடையில காட்டினேன். அந்த ஆளு கீழ குனிஞ்சுகூடப் பாக்கல. "முன்பக்கம் மொத்தமா மாத்தணும், 740 டாலர்"னுட்டாரு. ஏங்க, ஜாக்கி போட்டுத் தூக்கல, சக்கரத்தைத் தொட்டு ஆட்டல, எப்படித் தெரிஞ்சுது? எனக்கு பத்திக்கிட்டு வந்துச்சு. நேரா வீட்டுக்கு வந்துட்டேன். நான் வாங்கினது லீஃப் ஸ்பிரிங் புஷ் செட் மட்டும்தான். 32 டாலர்!

அமெரிக்காவுல, ஜார்ஜியா மாநிலத்துல இருக்கிற நம்ம பீச்ட்ரீ சிட்டில கார்ட் பாதையே 100 மைலுக்கு மேல இருக்கு, பசங்க ஹைஸ்கூலுக்கே கார்ட்லதான் போறாங்க. ஆனா மர வேர் அங்கங்க தாரைத் தூக்கி விட்டிருக்கும். மழை பெஞ்சா ஜார்ஜியா செம்மண் அடியில போய் அப்பிக்கும். அடி வாங்கறது பூரா சஸ்பென்ஷன்தான்.

என் வண்டில முன்னால ரெண்டு பக்கமும் லீஃப் ஸ்பிரிங். லாரிக்கு அடியில இருக்கிற அதே பட்டைதான், சின்ன சைஸ்ல. குழியில விழுந்தா பட்டை வளைஞ்சு அடியை வாங்கிக்கும். வளையும்போது நீளம் கொஞ்சம் மாறும்ல, அதுக்கு இடம் குடுக்கத்தான் ஒரு முனையில ஷாக்கிள், அதாவது பட்டையை வண்டியோட சேக்கிற, முன்னும் பின்னும் ஆடற இணைப்பு. ஷாக் அப்சார்பர் எடை தாங்காது, குதிக்கிறதை அடக்கும், அவ்வளவுதான். இரும்பும் இரும்பும் உரசாம நடுவுல நிக்கிற சின்னக் குழாய் மாதிரித் துண்டுதான் இந்த புஷ். இங்க பாருங்க பழசை... கேமரா கிட்ட காட்டறேன். ஒரு பக்கம் தேஞ்சு முட்டை ஷேப்ல ஆயிடுச்சு, ஓரமெல்லாம் பொடிப்பொடியா உதிருது. கத்தினது இதுதான்!

சரி, எது போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்ட் குடுங்க. சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா கிங்பின் (சக்கரம் திரும்பறதுக்கு நட்டுக்க நிக்கிற ஆணி) புஷ், இல்லேன்னா வீல் பேரிங். ஸ்பிண்டிலும் (சக்கரம் மாட்டியிருக்கிற அச்சு) சேர்ந்து ஆடினா கிங்பின். ஸ்பிண்டில் அசையாம சக்கரம் மட்டும் ஆடினா பேரிங். அடுத்து இடது வலமா ஆட்டுங்க, டை ராட் எண்ட் (ஸ்டியரிங்ல இருந்து சக்கரத்தைத் திருப்பற கம்பியோட முனை) தேஞ்சிருந்தா இதுல தெரிஞ்சிடும். ஷாக்குக்கு, வண்டியைக் கீழ இறக்கி மூலையை அமுக்கி விடுங்க. குதிச்சுக்கிட்டே இருந்தாலும், ஷாக் மேல எண்ணெய் வழிஞ்சிருந்தாலும், அது காலி. மாத்தினா ஜோடியா மாத்துங்க. என் வண்டில இது எல்லாமே நல்லா இருந்துச்சுங்க! புஷ் மட்டும்தான் போயிருந்துச்சு.

ஐயோ, தூக்கறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியதைச் சொல்லலையே! சாவியை எடுங்க, ரன்-டோ ஸ்விட்ச் (ஓட்டறதுக்கா, கட்டி இழுக்கறதுக்கான்னு மாத்தறது) இருந்தா டோல வைங்க, பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க, பின் சக்கரத்துக்குக் கட்டை குடுங்க. வெறும் ஜாக்கியை நம்பி அடியில படுக்கவே படுக்காதீங்க. இதுல நான் ரொம்ப ஸ்ட்ரிக்ட், உங்களுக்கே தெரியும்.

இப்போ அந்த வலது பக்க ஷாக்கிள் போல்ட். அப்பப்பா! நட்டு கழண்டுடுச்சு, போல்ட்டும் சுத்துது, ஆனா வெளிய வரல. உள்ள இருக்கிற இரும்பு ஸ்லீவோட துருப்பிடிச்சு ஒட்டிக்கிச்சு. சுத்தியல் எடுத்து அடிக்கலாம்தான். ஆனா பட்டையோட கண்ணு, அதாவது போல்ட் போற முனை வளையம், நெளிஞ்சா ஸ்பிரிங்கே வாங்கணும். துரு ஆயிலை அடிச்சு ராத்திரி பூரா விட்டேன். காலையில பித்தளைப் பஞ்ச் வெச்சு மெதுவா தட்டினேன்... நகருது! அடுத்து புஷ். ஒரு பக்கம் பெரிய சாக்கெட், மறு பக்கம் சின்ன சாக்கெட், நடுவுல நீள போல்ட். நட்டை முறுக்க முறுக்க, பிரஸ் வெச்ச மாதிரி உள்ள இருந்து மெல்ல மெல்ல வந்து டக்குனு விழுந்துச்சு பாருங்க, கத்திட்டேன்! பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பாத்தாரு.

புது புஷ் யூரிதேன், ரப்பர் மாதிரி ஒரு பிளாஸ்டிக். சிலிக்கோன் கிரீஸ் தடவிப் போட்டேன், பூட்டும்போது நைலான் லாக் நட்டும் புதுசு. ஷாக்கிள் போல்ட்டை வெறி பிடிச்ச மாதிரி இறுக்காதீங்க, அது ஆடணும். கிங்பின் கிரீஸ் நிப்பிளைத் துடைச்சிட்டுத்தான் கிரீஸ் கன் வைக்கணும். துடைக்கலேன்னா அந்தச் செம்மண்ணை நாமளே உள்ள தள்ளறோம். இதைச் செய்யாதவங்களைப் பாத்தா எனக்கு எரிச்சலா வரும்.

பின்பக்கத்தையும் பாருங்க. என் 48 வோல்ட்ல 8 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி ஆறு, ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 28 கிலோ. அந்த எடை பெரும்பாலும் பின் பட்டை மேலதான். ஆசிட் சொட்டினா பட்டையும் ஷாக்கிளும் அரிச்சிடும், பேக்கிங் சோடா கரைச்ச தண்ணி ஊத்திக் கழுவுங்க. வண்டி ஒரு பக்கம் சாயுதான்னு பாக்க, நாலு டயர்லயும் காத்து சரியா வெச்சு, சமதரையில ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல டேப் பிடிச்சு அளங்க.

ஆ, இன்னொண்ணு, 32 டாலர்ங்கிறது டாக்ஸ் இல்லாம. சேத்தா 34 சொச்சம். அப்பவும் 700 டாலருக்கு மேல மிச்சம் மக்களே! அந்தக் காசுல பின்பக்க ஷாக் ரெண்டையும் ஆர்டர் பண்ணிட்டேன், அடுத்த வீடியோல மாட்டிடலாம். உங்க வண்டி எங்க கத்துதுன்னு கமென்ட்ல போடுங்க, திரும்பும்போதா, குழியில விழும்போதா, பிரேக் அடிக்கும்போதா, அதையும் சேத்து எழுதுங்க.