முதல் துப்பாக்கி: கையைப் பார்த்து, வீட்டைப் பார்த்து

வணக்கம். சனிக்கிழமை காலை, உங்கள் வீட்டில் இட்லி வெந்துகொண்டிருக்கும், அல்லது பிள்ளையைப் பாட்டு வகுப்பில் இறக்கிவிட்டு பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கூடவே குழந்தைகள் இருந்தாலும் வானொலியை அணைக்க வேண்டாம், அவர்களும் கேட்க வேண்டிய விஷயம்தான்.

நான் டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் இருக்கிறேன். பன்னிரண்டு வருடமாகப் புதிதாகத் துப்பாக்கி பிடிப்பவர்களுக்கு, அதிலும் நம் ஊர்க்காரர்களுக்கு, ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் கூடத்தில், சொல்லிக்கொடுக்கிறேன். பொங்கல் விழா, வளைகாப்பு, கோயில் சாப்பாட்டு வரிசை என்று எங்கே போனாலும் யாராவது ஓரமாக அழைத்துக் கேட்பார்கள், "அக்கா, வீட்டுக்கு ஒன்று வாங்கலாமென்று இருக்கிறோம், எது வாங்கலாம்?" நான் ஒரு பெயரைச் சொன்னால் அன்று மாலையே வாங்கிவிடுவார்கள், அதனால் சொல்வதில்லை. முதலில் கையைக் காட்டுங்கள், அப்புறம் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள் என்பேன். கை, வீடு. எனக்குத் தந்திருக்கிற பதினைந்து நிமிடத்தில் இந்த இரண்டையும்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

அதற்கும் முன்னால் விசா. இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் காது கொடுத்துக் கேளுங்கள். வேலைக்கான எச்-1பி, படிப்புக்கான எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்குவதற்கு மட்டும் இல்லை, கையில் வைத்திருப்பதற்கே கூட்டாட்சிச் சட்டத்தில் பொதுவாகத் தடை. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் வரும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு என்பது போன்ற சில வழிகள் உண்டு, ஆனால் குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் கேட்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். சிட்டிசன் ஆன நண்பரிடம் பணம் கொடுத்து "உன் பெயரில் வாங்கிக் கொடு" என்றால் அது இருவருக்கும் குற்றம். கிரீன் கார்டு வந்தவர்கள் வாங்கலாம். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும். அந்தப் படிவத்தில் பொய் சொல்வதும் குற்றம். வருடக்கணக்காகக் காத்திருந்து கட்டிய வாழ்க்கையை ஒரு வாரயிறுதி ஆசைக்காக யாரும் இழந்துவிடக் கூடாது, அதனால்தான் இதை முதலில் சொன்னேன்.

சரி, கைக்கு வருவோம்.

நம்மில் பலருக்கு முதல் துப்பாக்கி தீபாவளித் துப்பாக்கிதான். சிவப்புச் சுருள் கேப்பைப் போட்டு, பட் பட்டென்று சுட்டுக்கொண்டே தெருவெல்லாம் ஓடுவோம். நான் ரேஞ்சில் கவனித்தது, நம் ஆட்கள் பிஸ்டலைக் கையில் எடுத்த அடுத்த நொடியே ஆள்காட்டி விரல் நேராக ட்ரிக்கருக்குள் போய்விடுகிறது. நாற்பது வயதில் கம்ப்யூட்டர் துறையில் பெரிய பொறுப்பில் இருப்பவருக்கும் அந்த ஆறு வயதுப் பழக்கம் விரலில் இருக்கிறது. அதனால் என் முதல் வகுப்பில் ஒரு மணி நேரம் தோட்டாவே கிடையாது. ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் வகுத்த நான்கு விதிகளை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பேன்: எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே நினை, அழியக் கூடாத எதன் பக்கமும் குழல் திரும்பக் கூடாது, குறி பார்த்துச் சுட முடிவெடுக்கும்வரை விரல் ட்ரிக்கருக்கு வெளியே, எதைச் சுடுகிறாய், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது தெரிய வேண்டும். அந்த நான்காவது விதியைப் பற்றி அப்புறம் மறுபடி பேசுகிறேன்.

ஷுகர் லேண்ட் என்ற ஊரில் ஒரு தம்பதி. கல்யாண நாளுக்கு மனைவிக்குக் கைத்துப்பாக்கி வாங்கித் தர வேண்டுமென்று கணவருக்கு ஆசை, மனைவி இரவு ஷிப்டு முடிந்து தனியாக வருகிறவர், நியாயமான கவலைதான். கடையில் விசாரித்ததும் "லேடீஸுக்கு இதுதான் சரி" என்று ஒரு சின்ன ரிவால்வரை எடுத்து வைத்திருக்கிறார்கள். .38 ஸ்பெஷல் என்ற தோட்டா, ஐந்து குண்டு, அலுமினிய உடம்பு, எடை 400 கிராம் சொச்சம். கைப்பைக்குள் அடங்கும், பார்க்கவும் அழகாக இருக்கும். அதை வாங்கிக்கொண்டு மனைவியை நேராக என்னிடம் அழைத்து வந்தார்.

முதல் குண்டிலேயே அவர் கை தோள் உயரத்துக்கு எகிறியது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சதை சிவந்துவிட்டது. மூன்றாவது குண்டுக்கு ட்ரிக்கரை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொண்டார், அந்த மாதிரி ரிவால்வரில் ட்ரிக்கரை இழுக்கவே கிட்டத்தட்ட 5 கிலோ பலம் வேண்டும், இழுக்கிற இழுப்பில் குழல் கீழே சாய்ந்து குண்டு தரையில் பட்டது. ஐந்தாவது முடிந்ததும் மேசைமேல் மெதுவாக வைத்தார். "போதும் அக்கா." அவ்வளவுதான். எட்டு மாதம் அது அலமாரியில் கிடந்தது.

ஏன் இப்படி என்றால், கனமான வெட் கிரைண்டர் இருந்த இடத்தில் அசையாமல் அரைக்கும், லேசான மிக்ஸி மேடைமேல் குதிக்கும், அதே கதைதான். ஒரே தோட்டாவை லேசான துப்பாக்கியில் போட்டால் அதிகம் உதைக்கும். சின்னது என்றால் சுலபம் என்று நினைக்கிறோம், உண்மையில் சின்னதுதான் கஷ்டம், அது நன்றாகப் பழகிய கைக்கு உரியது. பெண்களுக்கென்று தனித் துப்பாக்கி எதுவும் கிடையாது. இதை இன்னொரு தடவையும் சொல்கிறேன், பெண்களுக்கென்று தனித் துப்பாக்கி கிடையாது, அவரவர் கைக்கு ஏற்றது, ஏற்காதது என்பதுதான் உண்டு.

எட்டு மாதம் கழித்து அவர் தனியாக வந்தார். இந்த முறை .22 என்ற சின்னத் தோட்டா போடுகிற பிஸ்டலில் ஆரம்பித்தேன், அதில் உதைப்பு என்று சொல்ல ஒன்றுமே இல்லை, ஐம்பது குண்டு சுட்டுவிட்டுச் சிரித்தார். அப்புறம் ரேஞ்சில் வாடகைக்குக் கிடைத்த நாலைந்து பிஸ்டல்களை வரிசையாக வைத்தேன். கிளாக் 19, 1988இல் வந்தது, 15 குண்டு, தோட்டா அடைக்கிற மேகசின் காலியாக இருக்கும்போது 670 கிராம் அளவில் இருக்கும், நடுத்தர உடம்பு. அதை விட ஒல்லியான கிளாக் 43எக்ஸ். 2018இல் வந்த சிக் பி365, சின்ன உடம்புக்குள் 10 குண்டு அடக்கியது. ஸ்மித் அண்ட் வெஸனின் ஷீல்டு ஈஇசட். கிளாக் 19 உதைப்பு அவருக்குப் பிரச்சினையாக இல்லை, ஆனால் ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகர்கிற பாகத்தை, பின்னால் இழுக்க முடியவில்லை. இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து, கையை முன்னால் நீட்டிக்கொண்டு இழுத்தார். நான் கேட்டேன், ஊறுகாய் பாட்டில் மூடி இறுகிவிட்டால் கையை நீட்டிக்கொண்டா திறப்பீர்கள்? நெஞ்சோடு அணைத்துத்தானே திருகுவீர்கள்? அதே மாதிரி பிஸ்டலை உடம்புக்குக் கிட்டே கொண்டுவாருங்கள், குழல் மட்டும் நேராகக் குறிச்சுவர் பக்கமே இருக்கட்டும், உள்ளங்கை முழுவதாலும் ஸ்லைடை மூடிப் பிடியுங்கள், அதை இழுக்காமல் பிடியை முன்னால் தள்ளுங்கள். 'சடக்'கென்று திறந்தது. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கடைசியில் அவர் எடுத்தது ஈஇசட், ஸ்லைடு இழுக்கச் சுலபமாக இருக்க வேண்டுமென்றே செய்தது அது. அன்று 7 கஜ தூரத்தில் பத்துக் குண்டில் எட்டு, ஒரு டபரா அளவுக்குள் விழுந்தன. அந்தக் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

வானொலியில் படம் காட்ட முடியாது, அதனால் உங்கள் கையையே பாருங்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் வேண்டாம், அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒரு புள்ளியை விரலால் சுட்டிக்காட்டுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒரே கோடாக இருக்கிறதா? பிஸ்டலைப் பிடிக்கும்போதும் முன்கையும் குழலும் அப்படி ஒரே கோட்டில் வர வேண்டும், அந்தப் பிடியிலேயே ஆள்காட்டி விரலின் முதல் கணு, கையைத் திருகாமல், ட்ரிக்கரில் உட்கார வேண்டும். எட்டவில்லை என்றால் அந்தப் பிடி உங்களுக்குப் பெரிது. கடையில் தோட்டா இல்லாமல், கடைக்காரர் காலி என்று காட்டிய பிறகு, இதைச் செய்து பார்க்கச் சொன்னால் விடுவார்கள். வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

தோட்டா எது என்பதில் நம் ஆண்கள் மணிக்கணக்காகப் பேசுவார்கள், நான் ஒரு நிமிடம் தருகிறேன். 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு எஃப்பிஐ ஏஜெண்டுகள் இறந்தார்கள், அதற்குப் பிறகு எஃப்பிஐக்காரர்கள் பெரிய தோட்டாவைத் தேடி 10 எம்எம்முக்குப் போனார்கள், அப்புறம் .40க்குப் போனார்கள், கடைசியில் நுனியில் குழி வைத்த நல்ல ஹாலோ பாயிண்ட் தோட்டாக்கள் வந்த பிறகு 9 எம்எம்முக்கே திரும்பிவிட்டார்கள். 9 எம்எம் விலை குறைவு, எங்கும் கிடைக்கும், உதைப்பு தாங்கும். விலை குறைவு என்றால் அதிகம் பழகலாம். அது போதும்.

இனி வீடு.

நம் வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஓடியாடுகிற பிள்ளை, பிள்ளையின் நண்பர்கள், ஆறு மாதத்துக்கு ஊரிலிருந்து வந்திருக்கிற அப்பா அம்மா. பீரோவின் மேல் வைத்திருக்கிறேன், தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன், அவனுக்குத் தெரியாது என்பார்கள். முறுக்கு டப்பாவை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு இது தெரியாதா? டெக்சாஸில் 17 வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு எட்டுகிற மாதிரி, தோட்டா போட்ட துப்பாக்கியை அலட்சியமாக வைத்து, அது பிள்ளை கைக்குப் போனால் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன். பொத்தானையோ விரல் ரேகையையோ வைத்துச் சட்டென்று திறக்கிற சின்ன இரும்புப் பெட்டி கிடைக்கும், கட்டில் காலோடு கம்பியில் கட்டலாம். துப்பாக்கிக்கு ஒதுக்கும் பணத்திலேயே அதற்கும் எடுத்து வையுங்கள். பெட்டி வாங்கப் பணம் இல்லை என்றால் துப்பாக்கி வாங்க இன்னும் நேரம் வரவில்லை.

இன்னொன்று, நம் வீடுகளில் வாய்விட்டுப் பேசாதது. அமெரிக்காவில் துப்பாக்கியால் ஏற்படும் சாவுகளில் பாதிக்கும் மேல் தற்கொலை. வீட்டில் யாராவது மனம் உடைந்திருந்தால், அது பரீட்சையில் தோற்ற பிள்ளையாக இருக்கட்டும், வேலை போன கணவராக இருக்கட்டும், அந்தக் காலம் கடக்கும்வரை துப்பாக்கி அந்த வீட்டில் இருக்க வேண்டாம். 988 என்ற எண்ணை அழைத்தால் எந்த நேரமும் பேச ஆள் இருக்கிறார்கள்.

அப்புறம் அந்த நான்காவது விதி, எதைச் சுடுகிறாய், பின்னால் என்ன இருக்கிறது என்பது. 1992 அக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜில், ஜப்பானிலிருந்து படிக்க வந்த 16 வயதுப் பையன் ஹாலோவீன் விருந்துக்குப் போகிற வழியில் தவறான வீட்டுக் கதவைத் தட்டினான். வீட்டுக்காரர் சுட்டார், பையன் இறந்துபோனான். இங்கேயிருந்து காரில் நாலைந்து மணி நேர தூரத்தில்தான் அந்த ஊர் இருக்கிறது. நம் வீட்டிலும் விமானம் தாமதமாகி இரவு இரண்டு மணிக்கு மாமா வருவார், பையன் அம்மாவுக்குத் தெரியாமல் பின்கதவால் நுழைவான். அதனால் துப்பாக்கிக்குப் பக்கத்தில் ஒரு நல்ல டார்ச் இருக்க வேண்டும், யார் என்று முகம் பார்த்து, குரல் கொடுத்து, அப்புறம்தான் மற்றது. நம் வீட்டுச் சுவர் ஷீட்ராக் என்ற மெல்லிய பலகை, ஊர்ச் செங்கல் சுவர் இல்லை, 9 எம்எம் அதைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும். தொட்டில் எந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது என்று பகலிலேயே நடந்து பாருங்கள். சத்தம் கேட்டால் தேடிக்கொண்டு போகாதீர்கள். பிள்ளைகளோடு ஒரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு 911ஐ அழையுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இன்னும் இரண்டே நிமிடம். வெளியே எடுத்துச் செல்வதைப் பற்றி நிறைய எழுதி வைத்திருந்தேன், முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில், சட்டப்படி தடையில்லாதவர்கள் உரிமம் இல்லாமலே எடுத்துச் செல்லலாம். இருந்தாலும் எல்டிசி என்ற, துப்பாக்கியை எடுத்துச் செல்வதற்கான உரிமத்தை எடுங்கள், அதற்காக வகுப்பில் சட்டத்தைப் படிப்பீர்கள், 50 குண்டு சுட்டுக் காட்டுவீர்கள், வேறு பல மாநிலங்களிலும் அது செல்லும். ட்ரிக்கரை முழுக்க மூடுகிற கெட்டியான உறை, ஹோல்ஸ்டர், இல்லாமல் இடுப்பிலோ கைப்பையிலோ வைக்கவே கூடாது, சாவிக்கொத்தும் லிப்ஸ்டிக்கும் உருள்கிற பைக்குள் சும்மா போடுவது மிக மிக ஆபத்து. சிவப்பில் 51% என்று பலகை மாட்டிய இடம் மதுவில் பிழைக்கிற இடம், அங்கே எடுத்துப் போவது குற்றம். பள்ளிக்கூடமும் அப்படித்தான். 30.05, 30.06, 30.07 என்ற சட்டப் பிரிவு எண்ணோடு இங்கிலீஷிலும் ஸ்பானிஷிலும் பலகை இருந்தால் அது என்ன சொல்கிறதென்று படித்துவிட்டு உள்ளே போங்கள். கோயிலாக இருந்தால் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வகுப்புக்கு வருகிறவர்கள் கழுத்து மூடிய டீ-ஷர்ட், மூடிய ஷூ போட்டுக்கொண்டு, முடியைக் கட்டிக்கொண்டு வாருங்கள். காலித் தோட்டா கூடு சூடாக வெளியே தெறிக்கும், கழுத்து இறக்கமான குர்த்தாவுக்குள் விழுந்தால் பிஸ்டலைக் கையில் வைத்துக்கொண்டே துள்ளுவீர்கள், குழல் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. காதுக்கும் கண்ணுக்கும் போட வேண்டியதை நான் கொண்டுவருகிறேன். வணக்கம்.