அஞ்சு டம்ளர் தண்ணீர்

இந்த ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, காய்ச்சலோடு வந்து வரவேற்புரை ஆற்றிய செயலாளர் அவர்களே, முன்வரிசையில் சேர்ந்தாற்போல உட்கார்ந்திருக்கும் ஓட்டல் உரிமையாளர் நண்பர்களே (நாலு பேரும் ஒன்றாக வந்திருப்பதைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது), ஷிப்டு முடித்து நேராக இங்கே வந்திருக்கும் பனியன் கம்பெனித் தோழர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். பொருளாளரை விட்டுவிட்டேன் என்று ஒரு சீட்டு வருகிறது. மன்னிக்க வேண்டும், பொருளாளர் அவர்களே. பந்தல் போட்டதற்கும் மைக் வைத்ததற்கும் பணம் கொடுத்தவரையே மறந்துவிட்டேன்.

எனக்குப் போர்த்திய பொன்னாடைக்கு நன்றி. வெயில் கொளுத்தும் திருப்பூரில் பொன்னாடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடுத்த வருசம் இந்தக் காசுக்கு ரெண்டு நெய் ரோஸ்ட் வாங்கிக் கொடுங்கள். பேச்சும் தலைப்பை விட்டு விலகாது.

‘எளிய குடும்பத்தின் ஓட்டல் விருந்து’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். ஒன்று, அந்த நாற்காலியில் உட்கார நமக்கு உரிமை வந்த கதை. இரண்டு, ருசி. மூன்று, தண்ணீர். எங்கள் அப்பா எதற்கெடுத்தாலும் ஒரே பழமொழிதான் சொல்வார்: ‘விரலுக்குத் தகுந்த வீக்கம்.’ இன்றைக்கு அதை நான் நாலைந்து தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டலில் காசு கொடுத்தால் யாரும் எங்கேயும் உட்காரலாம் என்பது இன்றைக்குச் சாதாரணம். ஒரு காலத்தில் அப்படியில்லை. பல ஓட்டல்களில் பிராமணர்களுக்கென்று தனி இடம் இருந்தது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கஃபே முன்னால், பெயர்ப் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் மறியல் நடத்தினார். தினமும் தொண்டர்கள் போய் நின்றார்கள், கைதானார்கள், மறுநாள் வேறு தொண்டர்கள் போனார்கள். கடைசியில் அந்தச் சொல் பலகையிலிருந்து போனது. பிறந்தநாளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நடுவில் கிடக்கும் டேபிளில் ஜம்மென்று உட்காருகிறோமே, அந்த நாற்காலிக்காகச் சிறைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். இதை இன்னும் விரிவாகச் சொல்லலாம். ஆனால் எங்கள் தம்பி கதைக்கு வந்துவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்வரிசை எழுந்து போய்விடும்.

அப்பா கட்டிங் மாஸ்டர். தீபாவளி போனஸ் வந்த மறுநாள், வருசத்துக்கு ஒரே ஒரு தடவை, எங்களை டவுனில் ஒரு சைவ ஓட்டலுக்குக் கூட்டிப்போவார். அம்மா, அப்பா, நாங்கள் பிள்ளைகள் மூன்று பேர், ஆக அஞ்சு பேர். அப்பத்தாவைக் கூப்பிட்டால் “பல்லில்லாதவளுக்கு ஓட்டல் எதுக்குடா” என்று திண்ணையிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி வீட்டில் ஒத்திகை நடக்கும். அப்பா சர்வர், நாங்கள் வாடிக்கையாளர்கள். அஞ்சு பேருக்கு மூன்று ரோஸ்ட், பெரியவர்களுக்கு ஆளுக்கொரு காபி. அவ்வளவுதான் கணக்கு. பக்கத்து டேபிளைப் பார்க்கக் கூடாது. சர்வர் வந்து “அப்புறம் என்ன?” என்று கேட்டால் மூன்று பிள்ளைகளும் ஒரே குரலில் “போதும்ங்க” என்று சொல்ல வேண்டும். “விரலுக்குத் தகுந்த வீக்கம்டா” என்று சொல்லி ஒத்திகையை முடிப்பார். தம்பிக்கு அப்போது ஆறு வயது. பாயில் படுத்துக்கொண்டும் “போதும்ங்க, போதும்ங்க” என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தான்.

மறுநாள் போனோம். அம்மா கல்யாணப் பட்டுப்புடவை. எங்களுக்குப் போன தீபாவளிச் சட்டை, புதுசு இன்னும் டெய்லரிடம் இருந்தது. சலவைக்கல் போட்ட மேசை, கையை வைத்தால் சில்லென்று இருக்கும். சர்வர் வந்தார். தோளில் துண்டு, காதில் பென்சில். அஞ்சு விரலை அஞ்சு டம்ளருக்குள் விட்டு ஒரே கையில் தூக்கி வந்து ‘ணங்’ என்று வைத்தார். அதைத் தப்பென்று யாரும் அப்போது நினைக்கவில்லை. எங்களுக்கு அது வித்தையாகத்தான் தெரிந்தது. “என்ன சாப்பிடறீங்க?” என்று கேட்டார்.

தம்பி எழுந்து நின்று உரக்கச் சொன்னான்: “போதும்ங்க!”

ஓட்டலே திரும்பிப் பார்த்தது. கல்லாவில் இருந்த முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அப்பாவுக்கு முகம் எங்கே போனதென்று தெரியவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது. பட்டுப்புடவை என்பதும் அதற்கு மறந்துவிட்டது.

கதை அதோடு முடியவில்லை. அவமானம் தாங்காமல் தம்பி தன் டம்ளரைக் குடித்தான். சர்வர் ஊற்றினார். மறுபடி குடித்தான். “இதுக்குக் காசு உண்டாங்க?” என்று கேட்டான். “இல்லடா கண்ணு, எத்தனை வேணாலும் குடி” என்றார் அவர். காசில்லாமல் ஓட்டலில் ஒன்று கிடைக்கிறதென்று தெரிந்தால் பையன் விடுவானா? அஞ்சு டம்ளர். நான் எண்ணினேன். ரோஸ்ட் வந்தபோது, அது இலையைத் தாண்டி ரெண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கிறது, ஓரமெல்லாம் பொன் நிறம், நெய் மணக்கிறது, இவனால் ஒரு விள்ளல் கூட இறக்க முடியவில்லை. வயிறு முழுக்கத் தண்ணீர். அழ ஆரம்பித்துவிட்டான்.

அப்பா திட்டவில்லை. அவன் பங்கை இலையிலேயே மடித்துப் பேப்பர் சுற்றி, நூல் கட்டி வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் தம்பி ஓடிப்போய் அதை அப்பத்தா கையில் கொடுத்துவிட்டான். அப்பத்தா பிரித்து, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “இத்தனை சன்னமா சுட்டா வயிறு எப்படிறா ரொம்பும்? காசையும் வாங்கிக்கிட்டு ஏமாத்திப் போட்டானுக” என்றது. சொல்லிவிட்டு ஒரு துணுக்கு விடாமல் தின்றது. தொட்டுக்கொள்ளச் சட்னி ஏன் வாங்கி வரவில்லை என்று வேறு கேட்டது.

தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். இதோ வந்துவிட்டேன்.

போன மாதம் பேத்திக்குப் பிறந்தநாள். நாங்கள் ஏழு பேர் ஓர் ஓட்டலுக்குப் போனோம். பெயர் வேண்டாம். உட்கார்ந்ததும் ஒரு தம்பி வந்து நாலு பாட்டிலை வைத்து, கேட்காமலே டக் டக்கென்று மூடியைத் திருகிவிட்டார். திறந்துவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியாதல்லவா? பாட்டிலில் அச்சடித்த விலை 20 ரூபாய், பில்லில் 40. நாலு பாட்டில் 160. “சாதா தண்ணி இல்லையா?” என்றேன். “தர்றதில்லைங்க” என்றார் மேனேஜர். அப்பா இருந்திருந்தால் எழுந்து வந்திருப்பார். நான் வரவில்லை. பேத்தி கேக் வெட்டக் காத்திருந்தாள்.

பாட்டில் விலைக்கு மேல் வாங்கலாமா என்று கேட்பீர்கள். உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலில் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இடம், சேவை எல்லாம் சேர்ந்த விலை அது என்பது அவர்கள் பார்வை. அந்த வழி அடைபட்டுவிட்டது. சர்வீஸ் சார்ஜ் விஷயத்தில் அப்படியில்லை. பில்லில் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் போட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. யாராவது போட்டால் எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் நம்மைப் போன்றவர்கள் போகும் ஓட்டலில் சர்வீஸ் சார்ஜ் எங்கே இருக்கிறது? நமக்குப் பிரச்சினை பாட்டில்தான். அப்புறம் இன்னொன்று, நாம் ‘மினரல் வாட்டர்’ என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் மினரல் வாட்டரே இல்லை. சுத்திகரித்து அடைத்த குடிநீர். ரெண்டுக்கும் ஐஎஸ்ஐ தர எண்ணே வேறு வேறு. லேபிளைப் படித்துப் பாருங்கள்.

உரிமையாளர் நண்பர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. “திருப்பூர்த் தண்ணியை எப்படிங்க நம்பிக் கொடுக்கிறது?” நியாயமான கேள்விதான். சாயக்கழிவை விட்டு நொய்யல் ஆற்றை நாம் என்ன பாடு படுத்தினோம் என்பது ஊருக்கே தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. போர்வெல் தண்ணீர் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேன் தண்ணீர் கொடுங்கள். 20 லிட்டர் கேன் 40 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம், ஒருவர் அரை லிட்டர் குடித்தால் உங்களுக்கு ஒரு ரூபாய் செலவு. அந்த ஒரு ரூபாயைத் தோசையில் ஏற்றிக்கொள்ளுங்கள், யாரும் கேட்க மாட்டோம். வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்குப் போய்ப் பாருங்கள். சின்னக் கடையில் கூடப் பதிமுகம் என்கிற மரச்சீவல் போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்புத் தண்ணீரைச் சுடச்சுட ஜக்கில் வைக்கிறார்கள். இங்கே சீரகம் போட்டுக் கொடுங்களேன். விரலுக்குத் தகுந்த வீக்கம் ஓட்டலுக்கும் உண்டு. ஆயிரம் ரூபாய் பில்லில் 160 ரூபாய் தண்ணீர் என்றால், விரல் எவ்வளவு, வீக்கம் எவ்வளவு?

ருசியைப் பற்றிச் சொல்வதாக ஆரம்பத்தில் சொன்னேன். இன்னொரு சீட்டு வந்துவிட்டது, அடுத்து பட்டிமன்றம் இருக்கிறதாம். ருசி உங்களுக்கே தெரியும்.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். ‘உட்கார்ந்தவுடன் கேட்காமலே டம்ளரில் குடிநீர்’ என்று ஒரு வரிதான் கோரிக்கை. மாமன்ற உறுப்பினர் அம்மா மேயரிடம் நேரில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார், அவருக்கு என் நன்றி. உரிமையாளர் நண்பர்கள் நாலு பேரும் இருங்கள், எழுந்து போகாதீர்கள். முதல் நாலு வரியை உங்களுக்காகத்தான் காலியாக விட்டிருக்கிறோம். பேனா பொருளாளரிடம் இருக்கிறது.