குச்சி வாங்கப் போகிறீர்களா?

நேயர்களுக்கு வணக்கம். டிவி ரிப்பேர் என் தொழில். படக்குழாய் காலத்திலிருந்து டிவியைத் திறந்து மூடிப் பழகியவன். அப்போது வருகிறவர்கள், "படம் ஆடுது, கோடு விழுது" என்பார்கள். இப்போது வருகிறவர்கள், "படம் பளிச்சுன்னு இருக்கு, ஆனா ஆப் திறக்கவே மாட்டேங்குது, வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. புது டிவி வாங்கிடலாமா?" என்கிறார்கள்.

வேண்டாம் என்றுதான் சொல்வேன். பேனல் நன்றாக இருக்கும்போது டிவியை ஏன் தூக்கிப் போட வேண்டும்? உள்ளே வைத்திருக்கும் சின்னக் கம்ப்யூட்டர்தான் சில வருடத்திலேயே மூச்சு வாங்குகிறது. அந்த வேலையை வெளியே இருந்து பார்க்க ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் போதும். எங்கள் அத்தை அதைக் குச்சி என்பார். இனி நானும் அப்படியே சொல்கிறேன்.

இந்தக் குச்சிக்கு வயது அதிகமில்லை. 2008இல் ரோகு என்ற சாதனம் ஒரு சின்னப் பெட்டியாக வந்தது. 2013இல் குரோம்காஸ்ட், கட்டைவிரல் அளவில், ரிமோட்டே இல்லாமல் வந்தது. அடுத்த வருடம் ஃபயர் டிவி ஸ்டிக். டிவிக்குப் பின்னால் படமும் சத்தமும் சேர்ந்து உள்ளே போகும் எச்டிஎம்ஐ போர்ட் ஒன்று காலியாக இருந்தால் இவற்றில் எதையும் செருகலாம். அது இல்லாத பழைய டிவிக்கு இந்தப் பேச்சே பொருந்தாது.

சரி, எதை வாங்குவது? அதற்கு முன்னால் என் அத்தை கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கே போனாலும் இதைச் சொல்லாமல் நான் திரும்புவதில்லை.

அத்தைக்கு ஒரு குச்சி வாங்கி நானே மாட்டிக் கொடுத்தேன். ஒரு வாரம் ஆனது. போன் வந்தது. "தம்பி, வந்து உன் குச்சியை எடுத்துக்கிட்டுப் போயிடு." என்ன அத்தை என்றேன். "கொலைகாரன் யாருன்னு சொல்லப் போறான், அப்போ பார்த்து டிவி கறுப்பாயிடுது. மறுபடி முதல்லேருந்து கம்பெனி பேரு வருது" என்றார்.

போனேன். வைஃபை சரியில்லை என்று நினைத்து மோடத்தை இடம் மாற்றினேன். இரண்டாவது தடவை போனபோது போர்ட்டை மாற்றினேன், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். பாஸ்வேர்டை ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்திருக்கிறீர்களா? அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் எவ்வளவு எழுத்துப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாளும் கறுப்பு. மூன்றாவது தடவை போய், குச்சி வந்த அட்டைப்பெட்டியை வாங்கிப் பார்த்தேன். உள்ளே அடாப்டர், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது.

ஒயர் தொங்கினால் அழகாக இருக்காதே என்று குச்சிக்கு டிவியின் யுஎஸ்பி போர்ட்டிலிருந்தே கரண்ட் கொடுத்திருந்தவன் நான்தான். "எந்தச் சாமான் தகராறு செய்தாலும் முதலில் கரண்ட்டைப் பார்" என்று கடைப் பையன்களுக்குப் பாடம் எடுப்பவனும் நான்தான்.

டிவியின் யுஎஸ்பி போர்ட் பல மாடல்களில் 5 வோல்ட், அரை ஆம்பியர்தான் தரும். கணக்கில் 2.5 வாட். பென் டிரைவுக்கு அது தாராளம். குச்சியோடு வரும் அடாப்டர் பெரும்பாலும் 5 வாட் தரக்கூடியது. மெனுவில் சும்மா சுற்றும்போது குச்சி கொஞ்சமாகத்தான் இழுக்கும். படம் ஓடி, வைஃபையும் மும்முரமாக வேலை செய்யும் நேரத்தில் கூடுதலாகக் கேட்கும். கேட்டது கிடைக்காவிட்டால் மயங்கி விழுந்து மறுபடி எழுந்திருக்கும். அத்தையின் கொலைகாரன் தப்பித்தது இப்படித்தான். இன்னொன்று, பல டிவிகளில் டிவியை அணைத்தால் அந்த போர்ட்டும் அணைந்துவிடும். ராத்திரியில் நடக்க வேண்டிய அப்டேட் நடக்காது. மறுபடியும் சொல்கிறேன், அடாப்டரைச் சுவரில் மாட்டுங்கள். அடாப்டர் கூடவே வருகிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

இனி வாங்கும் விஷயம். டிவி ஃபுல் எச்டி என்றால், அதைவிட நுணுக்கமான படம் தரும் 4கே குச்சி கட்டாயமில்லை. ஆனால் 4கே மாடலில் ராம், அதாவது ஓடும் ஆப்பைத் தாங்கும் நினைவகம், பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். அதைச் சாதாரண டிவியிலும் மாட்டலாம், படம் டிவிக்குத் தக்கபடி இறங்கிக்கொள்ளும். விலை குறைந்தவற்றில் ராம் 1 ஜிபி, சேமிப்பு 8 ஜிபி என்று பார்த்திருப்பீர்கள். அந்த 8 ஜிபி சேமிப்பில் ஒரு பகுதியைக் குச்சியின் சொந்த மென்பொருளே எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் பத்து ஆப் போட்டால் அடுத்த வருடமே மறுபடி வட்டம் சுற்றும். எந்த வட்டத்துக்குப் பயந்து குச்சி வாங்கினோமோ, அதே வட்டம். கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டு கிடைத்தால், ராம் 2 ஜிபி உள்ளதை எடுங்கள். சின்ன வித்தியாசம் மாதிரி தெரியும், தினமும் கை உணரும்.

4கே டிவியே இருக்கிறதா? அப்போது இணைய வேகத்தையும் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் 4கேவுக்கு 15 எம்பிபிஎஸ் வேகம் கேட்கிறது, ஃபுல் எச்டிக்கு 5 போதும் என்கிறது. சில டிவிகளில் எல்லா எச்டிஎம்ஐ போர்ட்டும் 4கே ஏற்காது. படம் மங்கலாக இருந்தால் அடுத்த போர்ட்டில் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் ரிமோட். இதைக் கடையில் யாரும் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. மிக மலிவான சில மாடல்களின் ரிமோட்டில் வால்யூம் பட்டனே கிடையாது. சத்தம் கூட்ட ஒரு ரிமோட், படம் மாற்ற ஒரு ரிமோட். அத்தை மாதிரி ஆட்களுக்கு அது தினசரித் தலைவலி. வீட்டில் அதிக நேரம் ரிமோட் யார் கையில் இருக்கிறதோ, அவரைக் கூட்டிக்கொண்டு போய் வாங்குங்கள்.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விரலைக் காட்டுகிறார்கள். ஒரு நிமிடம் இருக்கிறது என்று அர்த்தம்.

முக்கியமானதைக் கடைசியில் வைத்தது என் தப்பு. வேகமாகச் சொல்கிறேன். பேர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகள், எல்லாம் இலவசம் என்று விற்கிறார்களே, அவற்றை வாங்காதீர்கள். சிலவற்றில் வைரஸ் கடையிலிருந்தே கூட வருகிறது. உங்கள் வீட்டு இணைப்பு வழியாக யாரோ திருட்டு வேலை பார்ப்பார்கள். 2025 ஜூனில் அமெரிக்க எஃப்.பி.ஐ இதைப் பற்றிப் பகிரங்கமாக எச்சரித்தது. ஆப் கம்பெனிகளின் உரிமம் இல்லாத பெட்டியில் சில ஆப் எச்டியிலும் ஓடாது. பேர் உள்ளதிலும், அப்டேட் எத்தனை வருடம் வரும் என்று கேளுங்கள். 2025 மார்ச்சில், 2015ஆம் வருட மாடல் குரோம்காஸ்ட்கள் உலகம் முழுக்க ஒரே நாளில் முடங்கின. இது அசல் சாமான்தான் என்று காட்ட உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது, அவ்வளவுதான். நல்ல வேளை, சில நாளில் அப்டேட் அனுப்பிச் சரிசெய்தார்கள். அப்படி அனுப்ப ஆள் இருக்க வேண்டும்.

ப்ளூடூத் ஹெட்ஃபோன் பற்றியும் குறித்து வைத்திருந்தேன், நேரமில்லை. ஏற்கெனவே குச்சி மாட்டியவர்கள் இன்று ராத்திரி டிவிக்குப் பின்னால் டார்ச் அடித்து, அந்த ஒயர் எங்கே போகிறது என்று மட்டும் பார்த்துவிடுங்கள். வணக்கம்.