பிள்ளையை அளக்கும் முன்

அவையோருக்கு என் பணிவான வணக்கம். பிள்ளை வளர்ச்சியைக் கற்பிப்பவர்களும் ஆராய்பவர்களும் ஒரு குடும்பத்தை முதலில் சந்திப்பது பெரும்பாலும் படிவத்தில்தான். பெற்றோரின் கல்வி, வருமானம், வீட்டில் அதிகம் பேசும் மொழி என்று கட்டங்களை நிரப்பியதும் அந்தக் குடும்பத்தை அறிந்துகொண்டதாக எண்ணிவிடுகிறோம். அந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றியே நான் இன்று அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றால் அக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை எழுத முடிவதில்லை. பாட்டியிடம் தமிழ், அக்காளிடம் ஆங்கிலம், பணிப்பெண்ணிடம் இரண்டும் கலந்த ஒன்று என ஆளுக்கேற்ப மொழியை மாற்றிக்கொள்ளும் திறமை மூன்று வயதிலேயே பிள்ளைக்கு வந்துவிடுகிறது. என்னிடம் பயின்ற ஆசிரியப் பயிற்சி மாணவி ஒருவர், பாலர் பள்ளியில் கவனித்த சிறுமியைப் பற்றிச் 'சொல்வளம் குறைவு' என்று குறிப்பெழுதியிருந்தார். ஆங்கிலத்தில் கேட்ட பட அட்டைகளில் பாதிக்கு அச்சிறுமி வாய் திறக்கவில்லை. மாலையில் அழைத்துப்போக வந்த பாட்டியிடம் அதே அட்டைகளைக் கொடுத்தபோது அச்சிறுமி கரண்டி, வாளி, சீப்பு, துடைப்பம் என்று தயங்காமல் சொன்னாள். முக்கோணமும் டைனோசரும் அவளுக்குப் பள்ளியில் கிடைத்த சொற்கள்; சமையலறையோ முழுக்க முழுக்கத் தமிழில் இருந்தது. இருமொழிப் பிள்ளையின் சொல்வளத்தை ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் குறைவாகத் தெரியும் என்பதும், இரு மொழிகளிலும் அறிந்த பொருள்களைச் சேர்த்தே எண்ண வேண்டும் என்பதும் இத்துறையில் பல ஆண்டுகளாக அறிந்த செய்திதான். ஆயினும் பாடநூலில் படித்ததை அந்த மாலைப்பொழுதில்தான் அம்மாணவி உணர்ந்தார். தாம் எழுதிய குறிப்பை அவரே அடித்துவிட்டுக் கண்டதைக் கண்டபடி எழுதினார்.

ஆராய்ச்சியிலும் இக்கவனம் வேண்டும். தாய்மாரையும் அவர்களின் பிள்ளைகளையும் கருவுற்ற காலம் முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் கஸ்டோ (GUSTO) ஆய்வு 2009இல் இங்கு தொடங்கியது. அதில், கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் சீன, மலாய், இந்தியத் தாய்மார் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கருவுற்ற காலத்திலேயே சேர்ந்தனர். அவர்களும் பிள்ளைகளும் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்து நேரம் தந்ததால்தான் பிள்ளை வளர்ச்சியைப் பற்றிய பல செய்திகள் நமக்குக் கிடைத்தன. கருவுற்ற காலத்தில் தாய்க்கு இருந்த மனச்சோர்வுக்கும், பிறந்த குழந்தையின் மூளையில் உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதியின் நுண்ணமைப்புக்கும் தொடர்பு இருப்பதாக, அவர்களைக் கொண்டு செய்து 2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. இதைக் கற்பிக்கும்போது நான் மிகவும் அஞ்சுவது ஒன்றுக்குத்தான்: கேட்கும் மாணவர் மனத்தில் பழி தாயின்மேல் போய்விழக் கூடாது. தொடர்பு வேறு, காரணம் வேறு. அத்துடன், அந்தத் தாயின் சோர்வை யார் பகிர்ந்துகொண்டார்கள், பிள்ளைப்பேற்றுக்குப் பின் இரவில் குழந்தையை யார் வாங்கிக்கொண்டார்கள் என்பதையும் கேட்காமல் குடும்ப நலனை எப்படிப் பேசுவது?

ஆகவே என் மாணவர்கள் இப்போது எந்த அட்டையையும் எடுக்கும் முன் ஒரு தாளில் அப்பிள்ளையின் ஒரு நாளை எழுதுகிறார்கள். விழித்தது முதல் உறங்கும் வரை யாரிடம், எந்த மொழியில், எதைப் பற்றிப் பேசியது என்று மணிவாரியாக வீட்டாரிடம் கேட்டு எழுதுகிறார்கள். தாயை யார் கவனித்துக்கொள்கிறார்கள் என்ற கேள்வியை அதே தாளின் கீழே நானே சேர்த்திருக்கிறேன்.