விலக்குச் சட்டத்தை வைத்துக்கொண்டு விற்கிறார்கள்

(கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் நடந்த விவாதக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அக்கா, முழு மதுவிலக்கு வேண்டும் என்றார்கள். அவர்களுக்கு முன்னால் பேசிய அண்ணாச்சி, கள்ளுக்கடையைத் திறந்தால் போதும் என்றார். இரண்டுக்கும் கைதட்டல் விழுந்தது. தட்டியதும் பெரும்பாலும் ஒரே கைகள்தான். (சிரிப்பு) கடையை மூடுவதா, இன்னொன்றைத் திறப்பதா என்பதற்கு நான் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால், இப்போது விற்பனை எந்தச் சட்டத்தின் கீழ் நடக்கிறது என்று பார்ப்போம்.

அந்தச் சட்டத்தின் பெயர் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. ராஜாஜி பிரதமராக இருந்தபோது, அன்றைக்கு முதலமைச்சரைப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள், சேலம் மாவட்டத்தில் முதலில் நடைமுறைக்கு வந்தது. மது வாங்குவது, வைத்திருப்பது, குடிப்பது எல்லாமே குற்றம் என்பதுதான் அதன் அடித்தளம். அந்த அடித்தளம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அதன்மேல் விதிவிலக்கு, உரிமம், அரசாணை என்று மாடி மேல் மாடி கட்டி, 2003ல் சில்லறை விற்பனை முழுவதையும் டாஸ்மாக் கையில் கொடுத்தார்கள். ஆக, குடிப்பதே குற்றம் என்கிற சட்டத்தின் கீழ் 2023-24ல் மட்டும் அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அமைச்சருக்குப் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை அமைச்சர். பாவம், எந்தக் கையால் எந்தக் கோப்பில் கையெழுத்துப் போடுவாரோ!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மதுவிலக்கால் அரசுக்குப் போன வருமானத்தை ஈடுகட்டத்தான் ராஜாஜி 1939ல் விற்பனை வரி கொண்டுவந்தார். பிறகு மது திரும்பி வந்தது. வந்தபோது வரி போனதா? போகவில்லை. பெரும்பாலான பொருள்கள் ஜிஎஸ்டிக்குள் போன பிறகும், பெட்ரோல், டீசலைப் போலக் குடிக்கிற மதுவும் அதற்கு வெளியே நிற்கிறது. அதன்மேல் மாநிலம் பழையபடி மதிப்புக்கூட்டு வரி போடுகிறது. சாராயக் காசு வேண்டாம் என்பதற்காகப் பிறந்த வரி, இன்றைக்குப் பிராந்தி பாட்டில் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

பழைய சட்டம் என்பதால் மட்டும் நான் இதைக் குறை சொல்லவில்லை. களியக்காவிளைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் இருப்பது இதைவிடப் பழசு. கொல்லம் ஆண்டு 1077ல், அதாவது 1902 வாக்கில், கொச்சி சமஸ்தானம் போட்ட அப்காரிச் சட்டம், அதாவது மதுத் தீர்வைச் சட்டம், அது. ஆனால் விற்கிறோம், இப்படி விற்கிறோம் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கிற சட்டம். அதனால் கள் இறக்குகிறவன் அங்கே தொழிலாளி. அவனுக்கு 1969லேயே நலநிதிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். நாமும் 1956 நவம்பர் 1 வரை அந்தப்பக்கத்து ஆட்சிக்குக் கீழே இருந்தவர்கள்தான். இந்த 1937 சட்டம் நமக்கு வந்தது அதற்குப் பிறகு.

நம்ம ஊர்ப் பனையேறிகளின் கதை எல்லோருக்கும் தெரியும். திருவிதாங்கூர் ராஜா காலத்தில் ஏறுகிற ஏணிக்கு ஒரு வரி, காலில் மாட்டுகிற தளைக்கு ஒரு வரி. ஏணிக்காணம், தளைக்காணம் என்று பெயர். ராஜா போனார், காணமும் போனது. அதற்குப் பதில் வழக்கு வந்தது. ஒரே பனை, ஒரே பாளை, ஒரே ஆள் சீவுகிறார். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது அக்கானி, அதாவது பதநீர். காய்ச்சினால் கருப்பட்டி, பாராட்டு, கண்காட்சியில் ஸ்டால். சுண்ணாம்பு இல்லையென்றால் கள், 1987 ஜனவரி 1 முதல் தடை, போலீஸ் ஸ்டேஷன். பனை நம் மாநில மரம். அதை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021ல் வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தார்கள், நல்லது. மரத்தைக் காப்பாற்றிவிட்டு ஏறுகிறவனைக் கைவிட்டால் அந்த மரம் யாருக்கு? ஏற ஆளில்லாமல் நிற்கிற பனைகளைப் பார்க்க நீங்கள் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை.

போதை என்று சொல்வீர்கள். சரி, கணக்குப் பார்ப்போம். கள்ளில் ஆல்கஹால் ஏறக்குறைய 4 முதல் 6 சதவீதம். டாஸ்மாக் பிராந்தியில் 42.8 சதவீதம். அது என்ன 42.8, சுளையாக 43 என்று வைத்தால் என்ன என்று யாராவது யோசித்ததுண்டா? வெள்ளைக்காரன் மதுவை அளக்க ‘புரூஃப்’ என்று ஓர் அளவு வைத்திருந்தான். அதில் நூறு பாகம் என்றால் 57.1 சதவீதம். அதில் முக்கால் பங்குதான் இந்த 42.8. அவன் போனான், அவன் நாட்டிலேயே அந்த அளவு வழக்கொழிந்தது, நம் பாட்டிலில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

ஆனாலும் அண்ணாச்சி சொன்னதுபோல் கள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. பாலக்காடு சித்தூர்ப் பக்கமிருந்து கேரளம் முழுக்க வண்டியில் கள் போகிறது. மரத்தில் இறங்குவதைவிடக் கடையில் விற்பது அதிகம் என்று அங்கே ரொம்ப காலமாகவே புகார் உண்டு. கள் நேரம் ஆக ஆகப் புளிக்கும். தூரம் போகிற கள்ளில் கலப்படம் புகும். ஆகவே மரத்தடியிலோ, அந்த ஊருக்குள்ளேயோ, ஏறுகிறவர் பெயரிலேயே உரிமம் என்றால் நான் ஆதரிப்பேன். ஏலம் விட்டுக் குத்தகைக்காரர் கையில் கொடுப்பதென்றால் வேண்டவே வேண்டாம். அந்தக் கள்ளுக்குப் பனையேறியைவிடக் குத்தகைக்காரர்தான் தாகமாக இருப்பார்.

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். பீகாரில் 2016 ஏப்ரலில் முழு மதுவிலக்கு வந்தது. 2022 டிசம்பரில் சாப்ராவில் கள்ளச்சாராயம் குடித்துக் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். உடனே, “பார்த்தீர்களா, கடை இருந்தால் சாவு இருக்காது” என்பார்கள். கள்ளக்குறிச்சியில் கடை இல்லையா? 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அங்கே அறுபதுக்கு மேல் உயிர் போனது. கடை இருந்தும் செத்தார்கள், இல்லாமலும் செத்தார்கள். அதற்குப் பிறகு சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரைக்கும் கொண்டுபோனார்கள். திருத்தம் என்றாலே இந்த நாட்டில் தண்டனையைக் கூட்டுவதுதான். விற்பனையைப் பற்றிய பகுதியில் யாரும் கை வைப்பதில்லை. நாளைக்கே இங்கே மூடினாலும், களியக்காவிளை பஸ் இருபத்து நாலு மணி நேரமும் ஓடும். அதையும் அக்கா யோசிக்க வேண்டும்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஊருக்கு உள்ள உரிமை. விதிப்படி மாநகராட்சி, நகராட்சியில் பள்ளிக்கூடம், வழிபாட்டுத் தலத்திலிருந்து 50 மீட்டருக்குள் கடை கூடாது. மற்ற இடங்களில் 100 மீட்டர். இதை எழுதியவர் மனதில், ஊர் ஓரிடத்தில், அதற்கப்புறம் பொட்டல், அதற்கப்புறம் அடுத்த ஊர் என்று ஒரு படம் இருந்திருக்கும். நம் விளவங்கோட்டில், கல்குளத்தில் அப்படி எங்கே இருக்கிறது? ஓர் ஊர் முடிவதும் அடுத்தது தொடங்குவதும் நமக்கே தெரியாது. ஒரு கோயில், தாண்டினால் சர்ச், தாண்டினால் பள்ளிக்கூடம், நடுவிலே நூறு மீட்டரை டேப் பிடித்து அளந்து கடை. அளவு சரியாக இருக்கும், பிள்ளைகள் நடந்து போகிற பாதையும் அதுவாகவே இருக்கும்.

2015 ஜூலை 31 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உண்ணாமலைக்கடையில் மதுக்கடையை அகற்றச் சொல்லி காந்தியவாதி சசிபெருமாள் செல்போன் கோபுரத்தில் ஏறினார். அன்றைக்கே இறந்துபோனார். அவருக்கு ஊர் எது? சேலம் மாவட்டம். 1937ல் மதுவிலக்கு முதலில் வந்த அதே சேலம். இத்தனை தூரம் வந்து அவர் கோபுரத்தில் ஏன் ஏறினார்? ஒரு கடை வேண்டாம் என்று ஓர் ஊர் சொல்வதற்குச் சட்டத்தில் ஏணியே இல்லை. அதனால்தான்.

கிராம சபை இருக்கிறதே என்பீர்கள். நம் மாவட்டத்தில் ஐம்பதுக்கு மேல் பேரூராட்சிகள். உண்ணாமலைக்கடையும் பேரூராட்சிதான். அங்கே கிராம சபை கிடையாது. ஊராட்சிகளில் உண்டு. தீர்மானமும் போடுகிறார்கள். அந்தத் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்று மதுவிலக்குச் சட்டத்தில் ஒரு வரி இல்லை. மகாராஷ்டிரத்தில் பெண் வாக்காளர்களில் பாதிக்கு மேல் வேண்டாம் என்று வாக்களித்தால் கடையை மூட விதி இருக்கிறது. காந்தி பிறந்த குஜராத்தும் இல்லை, கம்யூனிஸ்ட் கேரளமும் இல்லை, பணம் புழங்குகிற மகாராஷ்டிரம்! அங்கே முடிகிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். 1937 சட்டத்துக்கு ஒட்டுப்போடுவதை நிறுத்துங்கள். விற்கிற காலம் வரைக்கும் விற்பனைச் சட்டம் என்று பெயரிட்டுப் புதிதாக எழுதுங்கள். அதில் பேரூராட்சி வார்டாக இருந்தாலும் பெண்கள் வாக்கெடுப்பு இருக்கட்டும், ஏறுகிறவருக்கு உரிமம் இருக்கட்டும். மீட்டர் கணக்கை இந்த மண்ணைப் பார்த்துப் போடட்டும். முழு மதுவிலக்கு வரும் நாள் வந்தால் அந்தச் சட்டத்தைக் கிழித்துப் போடுவோம், அக்கா, நானே வந்து கிழிக்கிறேன்.

ஒரே ஒரு யோசனை, ஊராட்சித் தலைவர்கள் இங்கே சிலர் இருப்பதால். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் நாம் தீர்மானம் போடும்போது அந்த நான்கு நாளும் டாஸ்மாக்குக்கு விடுமுறை. பூட்டிய கடையை எதிர்த்துத் தீர்மானம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறோம், மறுநாள் மத்தியானம் 12 மணிக்குத் திறக்கிறார்கள். நவம்பர் 1 உள்ளாட்சி தினம், அன்றைக்கும் கிராம சபை உண்டு, கடையும் திறந்திருக்கும். நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளும் அதுவே. புதுச் சட்டம் கேட்கிற தீர்மானத்தை அன்றைக்கு எல்லா ஊராட்சியிலும் ஒரே வாசகத்தில் கொண்டு வாருங்கள். வாசகம் எழுதித் தருவதற்கு நான் தயார். வழக்கறிஞர்கள் இரண்டு பேர் முன்வரிசையில் இருக்கிறீர்கள், கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்கள்.

வணக்கம்.