மூன்றாவது ரவுண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

ராணுவத்தில் 22 வருஷம் இருந்தவன் நான். அதில் பாதிக்கு மேல் பி.டி. உஸ்தாத் வேலை. பயிற்சி கொடுப்பவரை அங்கே ‘உஸ்தாத்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்று வந்த பிறகும் விசில் கழுத்தைவிட்டு இறங்கவில்லை. காலை ஐந்தரைக்கு ஊர்ப் பள்ளி மைதானத்தில், ஆள்சேர்ப்புக்குப் போகிற பையன்களை ஓடவைத்துக்கொண்டிருக்கிறேன்.

முகாமுக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் வருவார்கள். 1.6 கிலோமீட்டர் ஓட வேண்டும், அதாவது 400 மீட்டர் டிராக்கில் நாலு ரவுண்டு. 5 நிமிடம் 30 வினாடிக்குள் முடித்தால் முழு மதிப்பெண் 60. ரவுண்டுக்கு 82 வினாடி சொச்சம் விழுகிறது. புதுப் பையன் என்ன செய்வான் தெரியுமா? விசில் ஊதியதும் பாய்ந்து, முதல் ரவுண்டை 70 வினாடியில் முடிப்பான். இரண்டாவதில் தோள் காதுவரை ஏறிவிடும். மூன்றாவதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பான். பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போனவன். தன் மூச்சுக்கு எந்த வேகம் தாங்கும் என்பதே அவனுக்குத் தெரியாது.

அடுத்தது பீம், அதாவது கம்பியில் தொங்கி, மோவாய் மேலே வரும்வரை உடம்பை இழுப்பது. பத்து புல்-அப் எடுத்தால் 40 மதிப்பெண். பலருக்கு ஒன்றுகூட வராது. முதல் இரண்டு வாரம் நான் ஏறவே சொல்வதில்லை. ‘சும்மா தொங்கு’ என்பேன். பிறகு ஸ்டூலில் ஏறி, மோவாயைக் கம்பிக்கு மேலே வைத்து, அங்கிருந்து மெல்ல மெல்ல இறங்கச் சொல்வேன். கை நடுங்கும், முகம் சிவக்கும். இறங்கும் பலம் வந்துவிட்டால் ஏறும் பலம் தானாகப் பின்னால் வரும்.

ராணுவப் பயிற்சி என்றாலே கத்தலும் தண்டனையும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு, மறைப்பானேன். ‘ரகடா’ என்று பெயர். வாங்கியும் இருக்கிறேன், கொடுத்தும் இருக்கிறேன். அதனால் யாரும் பலசாலியாகி நான் பார்த்ததில்லை. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிய ஓட்டமும், நேரத்துக்கு வந்த சாப்பாடும், தூக்கமும்தான் உடம்பைத் தேற்றின. அவசரப்பட்டு தூரத்தைக் கூட்டினால் முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை விரிசல் விழும். அப்புறம் வாரக்கணக்கில் படுக்கைதான்.

பள்ளிக்கும் பட்டாளத்துக்கும் பழைய உறவு உண்டு. ஸ்வீடனில் பெர் ஹென்ரிக் லிங் என்பவர் 1813-ல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய உடற்பயிற்சி நிலையத்தில் ராணுவ அதிகாரிகளும் படித்தார்கள், ஆசிரியர்களும் படித்தார்கள். நம்மூரில் வெள்ளைக்காரர் காலத்தில், பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் பள்ளிகளில் டிரில் மாஸ்டர் ஆனார்கள். 1920-ல் ஹாரி க்ரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். விளையாட்டையும் முறையாகக் கற்ற ஆசிரியர்கள் அங்கிருந்து வந்தார்கள். அதற்கும் நூறு வருஷம் தாண்டிவிட்டது.

ஆனால் பட்டாளத்திடமிருந்து நம் பள்ளிகள் எதை எடுத்து வைத்துக்கொண்டன? ‘அட்டென்ஷன், ஸ்டாண்ட் அட் ஈஸ்’. அதோடு ரகடாவையும்! சுதந்திர தின அணிவகுப்பு பழக்க ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். தாமதமாக வந்த பிள்ளைகள் புத்தகப் பையோடு மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி செருப்பைக் கையில் பிடித்தபடி, அழுதுகொண்டே ஓடினாள். அவளுக்கு இனி எப்படி ஓட்டம் பிடிக்கும், சொல்லுங்கள்? பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பி.டி. பீரியடே கணக்கு வாத்தியார் கைக்குப் போய்விடும். ஐந்து முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு பீரியட் கிடைத்தால் பெரிது.

பிள்ளைகளைச் சின்ன சிப்பாய்களாக்கச் சொல்லவில்லை. பட்டாளத்துச் சுமை அவர்கள் எலும்புக்கு ஆகாது. படிப்படியாகக் கூட்டுவது, அளந்து பார்ப்பது, ஓய்வு கொடுப்பது, இதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

போன மாதம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வைத்தேன். இரண்டு ரவுண்டு ஓட வேண்டும். கையில் கடிகாரம் கிடையாது. யாருடைய இரண்டு ரவுண்டும் ஒரே நேரத்துக்கு மிக அருகில் வருகிறதோ, அவர்தான் ஜெயித்தவர். வேகமாக ஓடும் பயல்கள் எல்லாம் தோற்றார்கள். எப்போதும் கடைசியில் வரும் ஒரு குண்டுப் பையன், முதல் ரவுண்டு 3 நிமிடம் 4 வினாடி, அடுத்தது 3 நிமிடம் 5. மூச்சு வாங்க என்னிடம் வந்து கேட்டான்: “சார், நாளைக்கு மூணு ரவுண்டு வைப்பீங்களா?”